தனி அலுவலர் காலத்தில் கிராம சபை: தீர்மானத்துக்கு மதிப்பு உண்டா?

கீழவாசல் | 19 ஜூலை 2025, காலை 8.40

28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தேர்தல் வரும்வரை ஊராட்சியை நடத்தும் தனி அலுவலர்கள் வட்டார வளர்ச்சி அலுவலர்கள்தான் (பி.டி.ஓ.). கிராம சபையில் யாராவது குடிநீர்க் குழாய்க்குத் தீர்மானம் கேட்டால், "தலைவரும் இல்லை, மன்றமும் இல்லை. இப்போது போடும் தீர்மானம் செல்லாது. மனுவாக எழுதிக் கொடுங்கள்" என்று பதில் வருகிறது. ஆகஸ்ட் 15 சபைக்கு இன்னும் நான்கு வாரம்கூட இல்லை. இந்தப் பதில் சரியா? சரி என்றால் சபைக்குப் போய் என்ன பயன்?

ஏரிக்கரை | 19 ஜூலை 2025, காலை 10.15

சரியில்லை தோழர். முழுத் தவறு.

அரசியல் சாசனம் 243(b) கிராம சபையை எப்படி வரையறுக்கிறது என்று பாருங்கள். கிராமத்து வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களின் அமைப்பு, அவ்வளவுதான். தலைவர் அதில் ஓர் உறுப்பினர், வார்டு உறுப்பினரும் ஓர் உறுப்பினர், நீங்களும் ஓர் உறுப்பினர். ஊராட்சி மன்றத்துக்கு ஐந்தாண்டு ஆயுள் என்று 243E சொல்கிறது. கிராம சபைக்கு அப்படி ஆயுள் வரம்பு எங்கேயும் இல்லை. வாக்காளர் பட்டியல் இருக்கிறவரை சபை இருக்கிறது.

மாநிலச் சட்டமும் இதையே சொல்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 3இன்படி ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவது, தணிக்கை அறிக்கையை ஏற்பது, திட்டங்களின் முன்னேற்றத்தைப் பரிசீலிப்பது எல்லாம் சபையின் வேலை. இரண்டு கூட்டங்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. தனி அலுவலர் வந்ததால் இந்தப் பிரிவு நின்றுபோகவில்லை. மன்றத்துக்கும் தலைவருக்கும் இருந்த அதிகாரம் மட்டும்தான் அவர் கைக்குப் போயிருக்கிறது. சபையின் அதிகாரம் அவருக்குப் போகவில்லை, போகவும் முடியாது.

அவர்கள் சொல்வது உண்மையாக இருந்தால், ஜனவரி 26க்கும் மே 1க்கும் ஊரக வளர்ச்சி இயக்குநரகத்திலிருந்து கூட்டப்பொருள் அனுப்பி எதற்காகச் சபையைக் கூட்டினார்கள்? அந்தக் கூட்டப்பொருள்கள் மீது தீர்மானங்கள் பதிவாகியிருக்கும். அவை செல்லும், குடிநீர்க் குழாய் பற்றிய தீர்மானம் மட்டும் செல்லாது என்றால் அது எந்த விதியில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

ஏரிக்கரை | 19 ஜூலை 2025, காலை 10.50

மேலே விட்டுப்போனது ஒன்று. தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள், 12,525 கிராம ஊராட்சிகள். வகுத்தால் ஒரு பி.டி.ஓ.வுக்குச் சராசரியாக 32 ஊராட்சி. ஆகஸ்ட் 15 காலை 11 மணிக்கு 32 இடத்தில் ஒருவர் உட்கார முடியாது. ஆகவே ஒவ்வொரு ஊருக்கும் பற்றாளர் (கூட்டத்துக்குப் பொறுப்பான அரசு அலுவலர்) ஒருவரை நியமிப்பார்கள். அவர் வேளாண்மைத் துறையிலிருந்தோ பள்ளிக் கல்வியிலிருந்தோ வந்திருப்பார். ஊராட்சிச் சட்டம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை, "செல்லாது" என்பது பெரும்பாலும் அவருக்கு யாரோ சொல்லி அனுப்பியது. அவரிடம் சண்டை போடாதீர்கள். சட்டத்தின் நகலைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். தலைமை வகிப்பவர் பெயரும் பதவியும் தீர்மானப் பதிவேட்டின் முதல் வரியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேரேடு | 20 ஜூலை 2025, இரவு 9.05

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், பணம் எங்கே இருக்கிறது என்பதையும் பேச வேண்டும்.

15ஆவது நிதிக் குழு மானியம் 2021–26 காலத்துக்கானது. கிராம ஊராட்சிக்கு வருவதில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி: பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்புக்கு, பாதி சுகாதாரத்துக்கு. மீதி 40 சதவீதத்தை ஊர்த் தேவைக்கு ஏற்பச் செலவு செய்யலாம், சம்பளத்துக்குப் போடக்கூடாது. இந்த மானியம் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி அமைப்புகளுக்கு மட்டும்தான். தேர்தல் நடத்தாவிட்டால் நிற்கும். 2016 அக்டோபரிலிருந்து 2020 ஜனவரி வரை தனி அலுவலர்கள் இருந்தபோதும் ஒன்றிய அரசு மானியத்தை நிறுத்தியது.

தேர்தல் தள்ளிப்போவதன் முதல் அடி அதனால் குடிநீர் மோட்டார் அறையில்தான் விழும். மாநில நிதிக் குழுப் பகிர்வும் வீட்டு வரியும் மட்டும் மிஞ்சும். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம்தான் மொத்த உள்ளாட்சிக்கும் போகிறது, அதிலும் நகரத்தின் பங்கு போக மீதிதான் ஊரகத்துக்கு. அந்தப் பணத்தில் முதலில் மின் கட்டணமும் கூட்டுக் குடிநீர்த் திட்டக் கட்டணமும் இரண்டாம் எண் கணக்கில் கழியும். பைப்லைன் உடைப்புக்கு எடுக்கக் கை வைத்தால் ஒன்றும் இருக்காது.

மாநில உரிமை பற்றி உரக்கப் பேசும் அரசு, தன் கீழே இருக்கும் அமைப்புக்கு வர வேண்டிய பணத்தைத் தன் தாமதத்தால் இழக்க விடுகிறது. நிபந்தனை விதிக்கும் ஒன்றிய அரசைக் கண்டிக்கலாம், கண்டிக்கத்தான் வேண்டும். அந்த நிபந்தனையை நிறைவேற்றும் சாவி சென்னையில்தான் இருக்கிறது.

கீழவாசல் | 21 ஜூலை 2025, காலை 7.30

நன்றி தோழர்களே. தீர்மானம் எப்படி எழுதுவது, எத்தனை பேர் வேண்டும் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

ஏரிக்கரை | 21 ஜூலை 2025, மதியம் 1.20

முதலில் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்ல வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள். 1998ஆம் ஆண்டு கிராம சபை விதிகளின்படி மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100, 3,001 முதல் 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து எண்ணிக்கை இதைவிடக் குறைந்தால் பின்னாளில் தீர்மானத்தை உடைக்க நினைப்பவர் முதலில் அதைத்தான் பிடிப்பார். காலை 11 மணிக்கு நூறுநாள் வேலைத் தளத்திலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து, கையெழுத்து வாங்கி, 11.30க்கு அனுப்பிவிடுவது பல ஊர்களில் வழக்கம். எண்ணிக்கை ஏட்டில் இருக்கும், தீர்மானத்தைக் கேட்டவர் யாரும் இருக்க மாட்டார்கள். உங்கள் பொருள் வரும்வரை ஆட்கள் உட்கார வேண்டும். அதற்கான வேலையை முந்தைய வாரமே தெருத் தெருவாகச் செய்ய வேண்டும்.

கூட்டப்பொருள் இயக்குநரகத்திலிருந்து வரும் பொதுப் பட்டியல். உள்ளூர்ப் பிரச்சினை கடைசியில் "இதர பொருள்" என்ற தலைப்பில்தான் நுழையும். அதற்குள் பாதிக் கூட்டம் எழுந்து போயிருக்கும். ஆகையால் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே தனி அலுவலருக்கு ஒரு கடிதம், நகல் ஊராட்சிச் செயலருக்கு: "கீழ்க்கண்ட பொருளைக் கூட்டப்பொருளில் சேர்க்கக் கோருகிறோம்." ஒன்றிய அலுவலகத்தில் நகலில் முத்திரை வாங்குங்கள். தர மறுத்தால் அன்றே பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு.

தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். அங்கே போய்ச் சொல்லச் சொல்ல எழுதினால் "குடிநீர் வசதி செய்து தர அரசை வேண்டித் தீர்மானிக்கப்பட்டது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரியை வைத்து யாரையும் எதுவும் கேட்க முடியாது. இடம், அளவு, செலவுத் தலைப்பு, பொறுப்பாளர், கெடு ஐந்தும் இருக்க வேண்டும். மாதிரி:

"தீர்மானம் எண் __: __ ஊராட்சி, __ குக்கிராமம், __ தெருவில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியிலிருந்து கிழக்கே சுமார் __ மீட்டர் நீளத்துக்குக் குழாய் பழுதடைந்து __ குடும்பங்களுக்கு __ மாதம் முதல் குடிநீர் வரவில்லை. இப்பணியை 2025–26ஆம் ஆண்டுக் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்த்து, ஊராட்சிப் பொது நிதியிலோ 15ஆவது நிதிக் குழு மானியக் கட்டுண்ட நிதியின் இருப்பிலோ மேற்கொள்ளவும், பணி மேற்பார்வையாளர் 15 நாட்களுக்குள் மதிப்பீடு தயாரிக்கவும், நடவடிக்கை விவரத்தை அடுத்த கிராம சபையில் வைக்கவும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

"வேண்டி", "கேட்டுக்கொண்டு" என்ற சொற்களைத் தவிருங்கள். திட்டத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் உள்ள சபை தன் திட்டத்தில் ஒரு பணியைச் சேர்க்கிறது. மனுப் போடவில்லை.

கடைசியாக, மிக முக்கியமானது. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தீர்மானத்தை ஒன்றிய அலுவலகத்தில் போய் எழுதுவது பழைய நோய். எழுதி, எண் இட்டு, உரக்கப் படித்த பிறகே கையெழுத்து என்று நில்லுங்கள். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே காலி இடம் இருந்தால் குறுக்குக் கோடு போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள்.

இடம் பற்றியும் ஒரு வார்த்தை. மதச் சார்புள்ள வளாகத்தில் சபை நடத்தக்கூடாது என்று ஆட்சியர் அறிவிப்புகளிலேயே வருகிறது. கோயில் மண்டபத்தில் வைத்தால் சேரி மக்கள் வெளியே நிற்பார்கள், அல்லது வரவே மாட்டார்கள். குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்பதையும் பிடித்துக்கொள்ளுங்கள். காலனிப் பகுதியில் கடைசியாக எப்போது சபை நடந்தது என்று பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

செங்காந்தள் | 24 ஜூலை 2025, மாலை 6.45

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். ஜனவரி 5க்கு முன்னால் எல்லாம் ஒழுங்காக இருந்ததுபோல ஒரு தொனி வந்துவிட்டது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தனித் தொகுதி ஊராட்சிகளில் என்ன நடந்தது என்பதைச் சேர்க்காமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

1996இல் மதுரை, விருதுநகர் மாவட்டங்களின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் தனித் தொகுதிகள் ஆயின. பத்தாண்டு அங்கே தேர்தலை நடக்கவிடவில்லை. நடந்தால் வென்றவர் உடனே விலக வேண்டும். 2006இல்தான் அது முறிந்தது. மதுரை மாவட்டம் மேலவளவில் போட்டியிட்டு வென்ற தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்விடுதலை செய்தது.

பழைய கதை என்று தள்ள முடியாது. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் பெண் தலைவர் மன்றக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளிவந்தது. வழக்குப் பதிவானது அதற்குப் பிறகு. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. சில நாள் கழித்து ஆட்சியர் போய் அவரை ஏற்ற வைத்தார். பட்டியல் சாதித் தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்யச் சொல்லி 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

நாற்காலியும் கொடியும் படத்தில் தெரியும். காசோலை தெரியாது. ஊராட்சி நிதியை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவர் பதவிக்குக் கிடையாது. அவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆதிக்கச் சாதி உறுப்பினர்கள் ஒன்று சேர்ந்தால் அது அவர்கள் கையில். அவர் கையெழுத்துப் போட மறுத்தால் போதும்: தூய்மைக் காவலருக்கு ஊதியம் நிற்கும், தெருவிளக்கு எரியாது, "இவரைத் தேர்ந்தெடுத்தீர்கள், ஊர் எப்படி ஆகிவிட்டது பாருங்கள்" என்ற பேச்சு ஆரம்பமாகும். காசோலை போய் இணையவழிப் பணப்பட்டுவாடா வந்தபிறகும் மாறவில்லை. டிஜிட்டல் கையொப்பச் சாவி துணைத் தலைவரின் சட்டைப்பையில் இருக்கும்.

ஏரிக்கரை | 24 ஜூலை 2025, இரவு 10.30

செங்காந்தள் சொன்னதை முழுக்க ஏற்கிறேன். அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒரு கொடுமை இருக்கிறது.

துணைத் தலைவர் முட்டுக்கட்டை போட்டால் புகார் ஆட்சியரிடம் போகும். அவர் ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் ஊராட்சிகள் சட்டத்தின் பிரிவு 203இன் கீழ் என்ன செய்கிறார்? பெரும்பாலும் தலைவர், துணைத் தலைவர் இருவரின் கையெழுத்து அதிகாரத்தையும் நிறுத்திவைத்து பி.டி.ஓ.விடம் கொடுக்கிறார். நிர்வாகம் ஓடும். ஆனால் மறுத்தவர் விரும்பியது நடந்துவிட்டது, தலைவர் கையில் பணம் இல்லை. தடுத்தவருக்கும் தடுக்கப்பட்டவருக்கும் ஒரே தண்டனை.

இதை எதிர்கொள்ளும் வழி கோப்பில்தான் இருக்கிறது. மறுப்பு வாய்வழியாக இருக்கும்வரை அது "இருவருக்கும் இடையே கருத்து வேறுபாடு". ஒவ்வொரு செலவுப் பட்டியலையும் மன்றக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாக்கி, துணைத் தலைவருக்குத் தேதியிட்டு அனுப்பி, ஒப்புகை வாங்கி, ஏழு நாள் கழித்து நினைவூட்டல் அனுப்பி, நகல்களை பி.டி.ஓ.வுக்கும் உதவி இயக்குநர் (ஊராட்சிகள்) அலுவலகத்துக்கும் வைத்தால் அது "காரணமின்றிக் கடமை மறுப்பு" ஆகும். அப்போது கேட்க வேண்டியது துணைத் தலைவரின் அதிகாரத்தை மட்டும் வேறு உறுப்பினருக்கு மாற்றும்படி. "நடவடிக்கை எடுக்கவும்" என்று பொதுவாக எழுதினால் இருவருக்கும் பறிபோகும்.

இன்னொரு கதவு உண்டு, பலர் தட்டுவதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த பிரிவு 3(1)(எம்). ஊராட்சியிலோ நகராட்சியிலோ பதவி வகிக்கும் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் தம் கடமையைச் செய்யவிடாமல் தடுப்பதும் மிரட்டுவதும் தனிக் குற்றம். சாதிப் பெயர் சொல்லித் திட்டியதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை. மேலே சொன்ன கோப்பே சாட்சி. முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை வேண்டாம் என்று 2018இல் சேர்த்த 18ஏ சொல்கிறது. அதிகாரி வேண்டுமென்றே கடமை தவறினால் பிரிவு 4.

ஊராட்சிகள் சட்டத்தின் பிரிவு 205ஐயும் கவனிக்க வேண்டும். மன்றத்தின் அனுமதிக்கப்பட்ட உறுப்பினர் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கினர் கையெழுத்திட்டுக் குற்றச்சாட்டு கொடுத்தால் தலைவரை நீக்கும் நடவடிக்கை தொடங்கலாம். ஒன்பது வார்டு ஊராட்சியில் ஆறு கையெழுத்து போதும். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த தலைவரின் தலைக்கு மேல் ஆறு பேரின் கத்தி. நீக்கும் முன் தாசில்தார் கூட்டம், விளக்கம் கேட்டல் எல்லாம் உண்டு. ஆனால் கிராம சபையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தக் கட்டாயம் சட்டத்தில் வர வேண்டும்.

செங்காந்தள் | 25 ஜூலை 2025, காலை 6.10

ஆமாம். தனி அலுவலர் ஆட்சியில் "இப்போது சண்டை சச்சரவு இல்லை, நிம்மதி" என்று சொல்பவர்கள் யார் என்று பாருங்கள். 50 சதவீத இடஒதுக்கீட்டில் வந்த பெண்களும் தனித் தொகுதித் தலைவர்களும் உட்கார்ந்த நாற்காலி காலியாக இருப்பதுதான் அவர்களுக்கு நிம்மதி. சண்டை இல்லாமல் போகவில்லை, சண்டையில் ஒரு தரப்பை வெளியே அனுப்பியிருக்கிறார்கள்.

இந்த ஏப்ரலில் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மாற்றுத்திறனாளி ஒருவரை நியமன உறுப்பினராக்கும் சட்டத்தைப் பேரவை நிறைவேற்றியது. மிக நல்ல சட்டம். நாட்டுக்கே முன்மாதிரி ஆகலாம். அவரை நியமிக்க 28 மாவட்டங்களில் மன்றம் இல்லை. சட்டத்தைக் கொண்டுவந்தவர்களே அதற்கு வழி திறக்க வேண்டும்.

பேரேடு | 27 ஜூலை 2025, காலை 11.00

சபையில் கணக்குக் கேட்பது பற்றி யாரும் பேசவில்லை. படிவம் 30 என்று ஒன்று உண்டு, ஊராட்சியின் வரவு செலவுச் சுருக்கம். அதைச் சபையில் வைக்க வேண்டும். பெரிதாக எழுதி மாட்டச் சொல்லுங்கள். படித்துவிட்டு மடித்துக்கொண்டால் யாருக்கும் எதுவும் பிடிபடாது.

அதில் பார்க்க வேண்டியது பெரிய தொகைகளை அல்ல. பெரிய பணிக்கு டெண்டர், அளவுப் புத்தகம் (முடிந்த பணியின் அளவுகளைப் பதியும் ஏடு), புகைப்படம் என்று ஏதாவது தடயம் இருக்கும். பணம் கசிவது தடயமில்லாத சில்லறைத் தலைப்புகளில்: மோட்டார் பழுது, பைப்லைன் பராமரிப்பு, தெருவிளக்குப் பொருள், பிளீச்சிங் பவுடர், வாய்க்கால் தூர்வாருதல்.

பிளீச்சிங் பவுடரை எடுத்துக்கொள்வோம். 1,000 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம் என்பது நடைமுறை அளவு. 30,000 லிட்டர் தொட்டிக்கு ஒரு தடவைக்கு 120 கிராம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை நிரப்பினால் 240 கிராம், மாதம் 7.2 கிலோ. ஆக 25 கிலோ மூட்டை ஒரு தொட்டிக்கு மூன்று மாதத்துக்கு மேல் வரும். மூன்று தொட்டி இருந்தால் மாதம் ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. வடிகாலுக்குத் தெளிப்பது தனி, அதைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். பழைய பவுடரில் குளோரின் வீரியம் குறையும், ஈரத்தில் வைத்தால் இன்னும் வேகமாகக் குறையும், அப்போது அளவைக் கூட்ட வேண்டும் என்பதும் உண்மை. இந்த எல்லாவற்றையும் சேர்த்தாலும் பட்டியலில் பத்து மூட்டை என்றால் கணக்கு இடிக்கும். தொட்டி இயக்குபவரிடம் கேளுங்கள், எத்தனை மூட்டை கைக்கு வந்தது என்று அவருக்குத்தான் தெரியும். ஆனால் அவரைச் சபையில் நிறுத்திச் சாட்சி கேட்காதீர்கள். ஏழைத் தொழிலாளி, வேலை போய்விடும்.

நிதிக் குழுப் பணிகளை ஒன்றிய அரசின் இ-கிராம்ஸ்வராஜ் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று போனால் யாரும் பார்க்கலாம். திட்டத்தில் சேர்த்த பணி, பணம் கொடுத்த வவுச்சர் இரண்டும் இருக்கும். இரண்டையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரே பணி வேறு வேறு பெயரில் இரு முறை வந்திருக்கிறதா, திட்டத்திலேயே இல்லாத பணிக்கு வவுச்சர் இருக்கிறதா என்பது அங்கேயே தெரியும். சந்தேகம் உள்ள பணிக்கு மட்டும் அளவுப் புத்தக நகல் கேளுங்கள். எல்லாவற்றையும் கேட்டால் "ஆவணங்கள் அதிகம், நேரில் வந்து பார்க்கவும்" என்று பதில் வரும்.

கீழவாசல் | 2 ஆகஸ்ட் 2025, இரவு 8.15

பக்கத்து ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்கிறார்கள். அங்கே சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டால் நிற்குமா?

ஏரிக்கரை | 3 ஆகஸ்ட் 2025, காலை 9.40

அது மட்டும் நிறுத்தாது. தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

இந்த ஆண்டு தொடக்கத்தில் வந்த அறிவிப்பில் 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகளைச் சேர்ப்பது இருந்தது. இழப்பு உடனே தெரிவது நூறுநாள் வேலையில். அது ஊரக வேலைச் சட்டம், நகர எல்லைக்குள் வந்த நாளிலிருந்து வேலை அட்டைக்கு மதிப்பு இல்லை. 2025–26இல் நாள் கூலி 336 ரூபாய். அதை நம்பியிருப்பது பெரும்பாலும் நிலமற்ற பெண்கள். அடுத்து வீட்டு வரி, குடிநீர் வைப்புத்தொகை. மூன்றாவது யாரும் பேசாதது: தலைவர், துணைத் தலைவர், வார்டு உறுப்பினர்கள் என்று பத்துப் பேர் இருந்த ஊருக்கு மாநகராட்சியில் ஒரு வார்டின் பாதிகூடக் கிடைக்காது. அந்தப் பத்து பதவிகளில் பாதி பெண்களுக்கு உரியவை. கிராம சபையும் போய்விடும், நகரப் பகுதி சபைக்கு வரவு செலவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் கிடையாது.

சேர்க்கையே வேண்டாம் என்று சொல்லவில்லை. நகரத்தை ஒட்டி, சாக்கடையும் குப்பையும் ஏற்கெனவே நகரத்தினுடையதாக ஆகிவிட்ட ஊராட்சிகளுக்கு நகர நிதி வேண்டும். ஆனால் விவசாயக் கூலியை நம்பியிருக்கும் குக்கிராமத்தைக் கோடு போட்டு இழுப்பது வேறு. சபைத் தீர்மானத்தோடு, எல்லை விரிவாக்க அறிவிப்பு அரசிதழில் வந்ததும் ஆட்சேபணைக் காலத்துக்குள் வீட்டுக்கு வீடு தனித்தனி ஆட்சேபணை கொடுங்கள். அதில் வேலை அட்டை எண்ணிக்கை, பயிர்ப் பரப்பு, நகர எல்லையிலிருந்து தூரம் மூன்றும் இருக்கட்டும்.

வார்டு மறுவரையறையும் மாநகராட்சிச் சேர்க்கையும் முடியவில்லை என்று சொல்லித் தேர்தலைத் தள்ளுவதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. குஜராத் வழக்கில் 2006இல் கிஷன்சிங் தோமர் தீர்ப்பு, மத்தியப் பிரதேச வழக்கில் 2022 மே 10 சுரேஷ் மகாஜன் தீர்ப்பு இரண்டும் ஐந்தாண்டுக்குள் தேர்தல் என்பதைக் கட்டாயம் என்றே சொல்கின்றன. கேரளத்தில் 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் நடந்துகொண்டிருக்கிறது. நாம் 2016 அக்டோபரில் விட்டதைப் பிடிக்க 2019 டிசம்பர் ஆயிற்று. அதிலும் ஒன்பது மாவட்டம் விட்டுப்போய் 2021 அக்டோபரில் நடந்தது. ஆட்சி மாறியது, இந்தப் பழக்கம் மாறவில்லை.

செங்காந்தள் | 9 ஆகஸ்ட் 2025, மாலை 5.00

தீர்மானத்தின் வலிமை பற்றிப் பேசும்போது அரிட்டாபட்டியையும் பரந்தூரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் வரவிருந்த டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக மேலூர் வட்டார ஊராட்சிகள் 2024 நவம்பரில் சபைத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9இல் பேரவையே தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23இல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பரந்தூரில் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை திரும்பத் திரும்பத் தீர்மானம் போடுகிறது. திட்டம் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

இரண்டுமே தமிழ்நாட்டுக் கிராம சபை. ஓரிடத்தில் எதிரே நின்றது ஒன்றிய அரசின் ஏலம், மற்ற இடத்தில் மாநில அரசின் விமான நிலையம். அங்கே நிலம் எடுப்பது 1997ஆம் ஆண்டு மாநிலத் தொழில் நில எடுப்புச் சட்டத்தின் கீழ். 2013 மத்தியச் சட்டம் சொல்லும் ஒப்புதல் அதில் இல்லை. தன் சபையின் சொல்லை டெல்லிக்கு எதிராக ஏந்துகிற அரசு, அதே சொல் தன்னை நோக்கி வரும்போதும் நின்று கேட்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

சட்டப்படி தடுக்கும் அதிகாரம் சபைக்கு உள்ள இடம் வன உரிமைச் சட்டம் 2006. அங்கே சபை என்பது குக்கிராம அளவில். பாதி உறுப்பினர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். மலைக் கிராமத் தோழர்கள் ஊராட்சிச் சபையின் குறைவெண்ணை வைத்து வன உரிமைத் தீர்மானம் போட்டால் மேலே போனதும் தள்ளிவிடுவார்கள். பதிவேட்டையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கீழவாசல் | 15 ஆகஸ்ட் 2025, இரவு 7.50

தீர்மானம் பதிவாகிவிட்டது. வாசகத்தை மாற்றாமல் அப்படியே எழுதினார்கள். பக்கங்களைப் படம் எடுத்தாயிற்று. படிவம் 30 மட்டும் "தயாராகவில்லை" என்று வைக்கவில்லை.

பேரேடு | 15 ஆகஸ்ட் 2025, இரவு 8.20

"படிவம் 30 வைக்கப்படவில்லை" என்பதும் பதிவேட்டில் ஏறியதா?

கீழவாசல் | 15 ஆகஸ்ட் 2025, இரவு 8.25

ஏறியது. தீர்மானம் 9.

ஏரிக்கரை | 18 ஆகஸ்ட் 2025, காலை 10.10

மகிழ்ச்சி தோழர். இனி வேகம் முக்கியம்.

இன்றே தகவல் உரிமை மனு: 6(1)இன் கீழ், 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. கேட்க வேண்டியவை மூன்று மட்டும்: ஆகஸ்ட் 15 தீர்மானப் பதிவேட்டின் சான்றிட்ட நகல், வருகைப் பதிவேட்டு நகல், 2024–25 படிவம் 30. "ஏன் செய்யவில்லை" என்ற கேள்வி வேண்டாம், காரணம் கேட்டால் தகவல் அல்ல என்று தள்ளுவார்கள். மனு தவறான அலுவலருக்குப் போனாலும் 6(3)இன் கீழ் ஐந்து நாளில் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர் பெயரில் போட்டால் கட்டணம் இல்லை, சான்று நகலை இணைக்க வேண்டும்.

போனில் எடுத்த படம் இருக்கும்போது நகல் எதற்கு என்று யாராவது கேட்கலாம். உங்கள் படத்தில் இருப்பதும் சான்றிட்ட நகலில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்கத்தான். பிறகு சேர்த்த வரி இருந்தால் அங்கே பிடிபடும்.

மனு இன்று போய்ச் சேர்ந்தால் செப்டம்பர் 17க்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் மறுநாளே முதல் மேல்முறையீடு. மேற்பார்வையாளருக்குக் கொடுத்த 15 நாள் ஆகஸ்ட் 30இல் முடிகிறது, செப்டம்பர் 1 திங்கட்கிழமை மதிப்பீட்டு எண்ணைக் கேட்டு ஒரு கடிதம் போடுங்கள். அடுத்த சபைக் கூட்டப்பொருளுக்கான கடிதத்தில் முதல் பொருளாக "15.8.2025 தீர்மானங்கள் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை, எண் வாரியாக" என்று எழுதுங்கள்.

பேரேடு | 18 ஆகஸ்ட் 2025, காலை 10.45

அதில் தீர்மானம் 9ஐத் தனியாகக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் எட்டோடு நிறுத்திவிடுவார்கள்.